வசனக் காலண்டருக்குப் பின்னால் சாவி

என் பெயர் அஜின். வயது இருபத்தைந்து. ஓமன் நாட்டில் சோஹார் என்கிற ஊரில் இருக்கிறேன். ஏ.சி. குழாய் மாட்டுகிற வேலை. இப்போது கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இது என் நம்பர் இல்லை, என் ரூமில் இருக்கும் நெல்லையப்பன் அண்ணாச்சியின் நம்பர். தெரியாத வெளிநாட்டு நம்பர் என்று அழித்துவிடாதீர்கள். அப்படி வந்தால் எடுக்கக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அதனால்தான் காலையிலிருந்து யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது.

பஸ் குலுங்குவதால் விரலால் அடிக்க முடியவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதுகிறது. நம்ம ஊர்ப் பேச்சில் வேகமாகச் சொன்னால் அது தடுமாறுகிறது. ஆகவே கோயிலில் வேதபாடம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். முன்னால் இருக்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இதை அம்மாவுக்கும், தங்கச்சி ஸ்வீட்லினுக்கும், பக்கத்து வீட்டு கலைச்செல்வி அக்காவுக்கும் ஒன்றுபோல அனுப்புகிறேன். அம்மாவும் ஸ்வீட்லினும் இப்போது ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் இருப்பார்கள், போனை அணைத்திருப்பார்கள். கலைச்செல்வி அக்கா, நீங்கள் மட்டும்தான் இந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள். "எங்கள் வீட்டு மாடி அறையைத் திறந்து பாருங்கள்" என்று ஏற்கெனவே ஒரு வரி அனுப்பினேன். அந்த ஒரு வரியை நம்பி அடுத்த வீட்டுக் கதவை யாரும் திறக்க மாட்டார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. அதனால் உங்களுக்கும் புரியும்படி முழுதும் சொல்கிறேன்.

மாடி அறையில் என் அண்ணன் ஷிபின் இருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்துப் பூட்டினார்கள்.

ஷிபின் குடிப்பது தெருவுக்கே தெரியும். லோடு ஆட்டோ ஓட்டி நாலு காசு பார்த்தவன்தான். முதலில் சனிக்கிழமை மட்டும் குடித்தான். அப்புறம் தினமும் வேலை முடிந்து குடித்தான். இப்போது ஒரு வருஷமாகக் காலையில் பல் விளக்கும் முன்னாலேயே வேண்டும். இல்லாவிட்டால் கை நடுங்குகிறது, சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. இரண்டு மடக்கு உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடும். அதை நான் போன லீவில் கண்ணால் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட்லினுக்குக் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று எங்கள் போதகரான ஐயர் சபையில் வாசிப்பார். அதுதான் ஓலை. மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டை. மூன்று தலைமுறையாக வாத்தியார் குடும்பம், அந்த வீட்டில் தேநீர், கஷாயத்தைத் தவிர வேறெதுவும் குடித்தது கிடையாது. ஆராதனை முடிந்து நம் வீட்டுக்குத் தேநீர் சாப்பிட வந்தார்கள். ஷிபின் பின்வாசல் வழியாக வந்து மாப்பிள்ளையின் அப்பா தோளில் கையைப் போட்டிருக்கிறான்.

"என்ன மாமா, சம்பந்தி ஆயாச்சு. ஒரு கட்டிங் போடுவமா?"

அவர் பாதி தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். போகும்போது பெரியப்பாவிடம் மட்டும் பேசினாராம். "மூணாவது ஓலை வரைக்கும் பாக்கோம். பெறவு சொல்லுதோம்."

பாக்கியசீலன் பெரியப்பா அப்பாவின் அண்ணன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டதும் அவர்தான், இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அவர்தான். அவர் வெள்ளிக்கிழமை ஷிபினை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பைபிளில் கை வைக்கச் சொல்லி, கல்யாணம் முடியும்வரை தொட மாட்டேன் என்று பொருத்தனை பண்ண வைத்தார். கதவைப் பூட்டிக் கீழே வந்து, வீட்டில் எல்லாரும் உபவாசம் இருக்க வேண்டும், அவனுக்கும் தண்ணீர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நேற்றுக் காலை நான் போனில் வேண்டாம் என்றபோது அம்மாவும் அதைத்தான் கேட்டாள். "குடிக்கதுதானலே கேடு? நிறுத்துனா என்ன கேடு வரப் போவுது?"

போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் அப்பா இஸ்ரவேல். கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தார். குடித்துவிட்டு வந்தால் சண்டை போட மாட்டார். கால்வாய்க் கரையில் நிற்கிற கரண்ட் கம்பம் ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வருவார். கலைச்செல்வி அக்கா, நீங்களே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் தொடங்கினபோது பெரியப்பா அவரை இதே அறையில் வைத்தார். இதே பொருத்தனை, இதே உபவாசம். நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன்.

முதல் நாள் அப்பா சும்மா படுத்திருந்தார். மறுநாள் உடம்பெல்லாம் வேர்த்து, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினார். அம்மா அழுதாள். பெரியப்பா சொன்னார், "அழாத சாரம்மா. உள்ள இருக்க ஆவி அவன விட்டுப் போவுது. அது சும்மா போவுமா? உலுக்கிட்டுத்தான் போவும்."

அதற்கப்புறம் அப்பா ஒரு வேலை செய்துகொண்டே இருந்தார். மடியில் கிடந்த போர்வையில் இருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்துக் கீழே போட்டார். ஒன்றுமே இல்லாத இடத்தில். முகத்தில் பயம்.

"என்னப்பா எடுக்கிய?"

"எறும்புடே. பாத்து நில்லு, கால்ல ஏறிரும்."

அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவத்தையெல்லாம் பிடுங்கிப் போடுகிறார் என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு அது நல்ல அடையாளமாகத் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் அறை அமைதியாக இருந்தது. நல்லாத் தூங்குகிறான், எழுப்பாதீர்கள் என்றார் பெரியப்பா. எல்லாரும் கீழே உட்கார்ந்து ஜெபம் பண்ணினோம். ஜெபம் முடிந்து மேலே போனபோது அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். நாக்கு கடிபட்டிருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது.

நெஞ்சடைப்பு என்று சொல்லி அடக்கம் பண்ணினோம். கல்லறைத் தோட்டத்தில் பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எந்தம்பி தெளிஞ்சு செத்தாம்லே. குடிகாரனாச் சாகல. அது போதும்."

அம்மா இந்த ஆறு வருஷமும் அந்த ஒரு வார்த்தையில்தான் உயிரோடு இருக்கிறாள். யார் வந்து துக்கம் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அவர் தெளிஞ்சுதான் போனாரு. அதைச் சொல்லும்போது அவள் முகம் நிமிரும். ஷிபின் குடிக்கத் தொடங்கினது அப்பாவை அடக்கம் பண்ணின வாரத்தில்தான். அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இப்போது நெல்லையப்பன் அண்ணாச்சியின் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லி அவரே தலையாட்டுகிறார். அவருக்குத் திருநெல்வேலி டவுண், தேரடி பக்கம் வீடு. போன வருஷம் மகளுக்குக் காது குத்த லீவில் போனவர், லீவு முழுவதும் காலையிலும் மாலையிலும் குடித்திருக்கிறார். இங்கே திரும்பினால் எங்களைப் போல ரூமில் இருக்கிறவனுக்குக் குடி கிடைக்காது. வந்த மறுநாள் ஏணியில் நின்று திருகாணி முடுக்க அவருக்குக் கை நிற்கவில்லை. ரூமுக்கு வந்ததும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் கேலி பண்ணினார்கள்.

"என்ன அண்ணாச்சி, செவுத்துல அல்வாக் கட எதும் தெரியுதா?"

"சிரிக்காதிய வே. எறும்பு சாரை சாரையாப் போவுது, உங்க கண்ணுல படலையா?"

என்று சொல்லிவிட்டு விரலால் கிள்ளி எடுத்துக் கீழே போட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, அதே மாதிரி.  அடுத்த நிமிஷம் வெட்டு, அதாவது வலிப்பு, வந்து கீழே விழுந்தார். நாங்கள் கம்பெனி வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

அந்த ஆஸ்பத்திரியில் நாகர்கோவில் பக்கத்து டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ஊசி போட்டு அவரைத் தூங்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். நான் எறும்பைச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"தினமும் குடிக்கவன் மூளை இருக்குல்லா, அது பிரேக்க மிதிச்சுக்கிட்டே வண்டிய முறுக்கி ஓட்டுத மாதிரி. சாராயம்தான் பிரேக்கு. அதுக்கு ஈடா மூளை முறுக்கிக்கிட்டே இருக்கும். நீங்க திடீர்னு பிரேக்க மட்டும் எடுத்துட்டீங்கன்னா, வண்டி என்னாவும்? நடுக்கம், வேர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரியுதது, வலிப்பு. கவனிக்காம விட்டா ஆளே போயிருவாங்க."

"அப்போ நிறுத்தவே கூடாதா டாக்டர்?"

"நிறுத்தணும். கண்டிப்பா நிறுத்தணும். ஆஸ்பத்திரியில வச்சு நிறுத்தணும். நடுக்கம் அடங்க மாத்திர இருக்கு, வைட்டமின் ஊசி இருக்கு, சில நாள் கூட இருந்து பாத்துக்கிட்டாப் போதும். எப்பவாவது குடிக்கவங்களுக்கு இந்தப் பயம் இல்ல. காலையில குடிச்சாத்தான் கை நிக்கும்னு ஆயிட்டவங்க, முன்னாடி ஒருக்கா வலிப்பு வந்தவங்க, இவங்க வீட்ல வச்சுத் தானா நிறுத்தக் கூடாது. பட்டினியும் போடக் கூடாது."

 என் அப்பா எப்படிச் செத்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்றை நான் ஏன் பிடுங்க வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேற்று மத்தியானம் ஸ்வீட்லின் எனக்கு வீடியோவில் வந்தாள். பெரியப்பா குளிக்கப் போன நேரம் சாவியை எடுத்து மாடி அறையைத் திறந்திருக்கிறாள். ஷிபின் பாயில் உட்கார்ந்திருந்தான். பனியன் முழுவதும் நனைந்திருந்தது. போனைப் பிடித்தான், பிடிக்க முடியவில்லை.

"ஏலே அஜினு, நீ எப்ப வந்த? கீழ யாரு கூப்பிடுதா?"

"நான் வரலண்ணே, சோஹார்ல இருந்து பேசுதேன். யாரும் கூப்பிடல."

"இல்லடே, கூப்பிடுதாங்க. மாப்பிள வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு. எஞ்சட்டய எங்க வச்சா இவ?"

ஸ்வீட்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவளிடம் ஆட்டோ பிடித்து உடனே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். கேட்ட உடனே அவள் படியில் இறங்கினாள். "அண்ணன் செத்துத்தான் என் கல்யாணம் நடக்கணும்னா எனக்கு அது வேண்டாம்ணே" என்றாள். கீழே பெரியப்பா நின்றார். போனை வாங்கினார்.

"என்னலே, அங்கன இருந்துக்கிட்டு இங்கன வைத்தியம் பாக்குதியோ?"

"பெரியப்பா, அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கையெடுத்துக் கும்பிடுதேன். பெறவு என்னய எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க."

"ஐகிரவுண்டுக்கா? மாப்பிளயோட மைனி அங்கனதான நர்ஸு. காலைல கொண்டு போனா மத்தியானம் மாப்பிள வீட்ல தெரியும். நாளைக்கு ரெண்டாவது ஓல. உந்தங்கச்சிய வீட்லயே வச்சுக்கிட நீ ரெடியா?"

"வேற ஆஸ்பத்திரி பாப்போம். நாகர்கோவிலுக்குக் கொண்டு போங்க, மதுரைக்குக் கொண்டு போங்க."

"ஒண்ணும் வேண்டாம். ரெண்டு நாள்ல தெளிஞ்சிருவான். உங்கப்பன் தெளியலையா? தெளிஞ்ச மனுசனாத்தான செத்தான்?"

"இல்ல பெரியப்பா. அப்பா தெளிஞ்சு சாகல. நாம தெளிய வச்ச விதத்துலதான் செத்தாரு."

  பெரியப்பா பைய, மிகவும் பைய, "நல்லது நடக்க வீட்ல நாக்க அடக்குலே" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் நம்பரில் இருந்து அம்மாவுக்கும் போகவில்லை, ஸ்வீட்லினுக்கும் போகவில்லை. இரண்டு போனிலும் என்னைத் தடுத்து வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் போனை எடுக்கவே இல்லை. நூற்றெட்டுக்கு இங்கிருந்து அடித்துப் பார்த்தேன், இந்த நாட்டில் இருந்து அது போகவில்லை. அதோடு என் போனில் காசும் தீர்ந்துவிட்டது, அதனால்தான் அண்ணாச்சியின் நம்பர்.

அம்மா, நீ கோயிலை விட்டு வந்து இதைப் படித்தால் என் மேல் கோபப்படு. என்னோடு பேசாமல்கூட இரு. அப்பாவைப் பற்றி நான் சொன்னது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ வேண்டுமென்று செய்யவில்லை. பெரியப்பாவும் வேண்டுமென்று செய்யவில்லை. நம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்த பிறகும் அந்த அறையைப் பூட்டி வைத்தால் அதற்கு வேறு பெயர்.

மாப்பிள்ளை வீட்டுக்கு நானே பேசுகிறேன். எங்கள் அண்ணன் குடிக்கு வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று நானே சொல்கிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதையும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி போனைப் பிடுங்கி ஒன்று சொல்கிறார். அதையும் சேர்த்துவிடுகிறேன்.

"நான் நெல்லையப்பன் பேசுதேன். தம்பி ஷிபின்கிட்ட சொல்லுங்க. ஆஸ்பத்திரில கெடந்தது பெருசில்ல. அதுக்குப் பெறவு சாயங்காலம் சாயங்காலம் ஒண்ணு வந்து கூப்பிடும் பாருங்க, அதான் பெருசு. இப்பவும் எனக்குக் கூப்பிடுது. ஊர்ல டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திர திங்கேன். கூப்பிடும்போது பேசுததுக்குன்னு ஒரு ஆளு வச்சிருக்கேன். தம்பிக்கு நான் பேசுதேன். எப்ப வேணும்னாலும் அடிக்கச் சொல்லுங்க வே."

பஸ் வேலையிடத்துக்கு வந்துவிட்டது. இறங்கச் சொல்கிறார்கள். இறங்கினால் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பக் கிடைக்கும். நேற்று மத்தியானம் அவனுக்கு ஆட்கள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. இன்று காலை எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அவன் தனியாக இருக்கிறான். பெரியப்பாவும் கோயிலுக்குப் போயிருப்பார், கீழே யாரும் இல்லை.

இதை முதலில் படிக்கிறவர் யாராக இருந்தாலும், உங்களிடம் கேட்கிறேன். எங்கள் வீட்டு வாசல் சாவி துவைக்கிற கல்லுக்கு அடியில் இருக்கும். மாடி அறைச் சாவி முன்னறையில் பைபிள் வசனக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். போய்த் திறவுங்கள். அவனுக்கு வெட்டு வந்துகொண்டிருந்தால் கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஒருச்சாய்த்துப் படுக்க வையுங்கள். நூற்றெட்டுக்கு அடித்து, தினமும் குடிக்கிற ஆள், வெள்ளிக்கிழமையில் இருந்து குடிக்கவில்லை, சாப்பிடவில்லை என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவனைத் தனியாக விடாதீர்கள். தயவுசெய்து இப்போதே போங்கள்.